ஒரு வரி அகலம்

தவக்காலத்து நான்காம் ஞாயிறு.
உப்பு மீனின் வாடை இன்னும் விரலில்.
பூசை முடிந்து வந்தவர்கள்
பாலத்தடியில் நின்று சொன்னார்கள்:
ஆயர் முத்திரை வைத்துவிட்டார்.
இருநூற்றுச் சொச்சம் வாக்கியங்கள்.
சொன்னவனும் சரி, காதில் வாங்கியவனும் சரி,
ஏழு நாளைக்குள் போய் ஒப்புக்கொள்ளாவிட்டால்
சபைக்கு வெளியே.

பாரிஸில் அன்று எத்தனை பேருக்குத்
திடீரென்று காது மந்தமாயிற்றோ.

என் கடையில் இருந்தது அவற்றுள் ஒன்று.
கோசுவின் வாத்தியாரின் விளக்கவுரை,
பதினோராம் மடிப்பு, கன்றுத்தோல்,
மாணவருக்கு வாரம் இரண்டு காசு வாடகை.
"வானத்தை நேர்கோட்டில் நகர்த்த
இறைவனால் முடியாது.
நகர்த்தினால் பின்னால் வெற்றிடம் மிஞ்சும்."
எழுதிய கை என்னுடையது.
பொருள் தெரியாமல் எழுதினேன் என்று சொல்லலாம்,
நம்புவார்கள்.
பெண்பிள்ளைக்கு லத்தீன் எதற்கு?

தெரிந்துதான் எழுதினேன்.
என் பூவாளியை வைத்தே
எனக்கு மெய்ப்பித்தார் அவர்.
மண் வயிறு, அடியில் சல்லடைத் துளை,
குறுகிய கழுத்து.
நிரப்பிக் கழுத்தைக் கட்டைவிரலால் அடைத்தால்
துளை இருந்தும் நீர் விழாது.
"பார் அமெலின்,
வெறுமை என்றால் இயற்கைக்கு எத்தனை அச்சம்.
நீர் தன் கனத்தையே மறந்து நிற்கிறது."
விரலை எடுத்தார்.
பாத்திக்குப் பாதி, அவர் செருப்புக்குப் பாதி.

திங்கட்கிழமை கத்தியைத் தீட்டினேன்.
தோலைப் பலகையில் இழுத்துப் பிடித்து
எழுத்தெழுத்தாகச் சுரண்டினேன்,
ஏழு பிரதியிலும்.
நுரைக்கல்லால் தேய்த்து, சுண்ணப்பொடி தூவி, ஊதினேன்.
அந்த இடத்தில் எழுதச் சொல்லி
யாரும் எதுவும் தரவில்லை.
எனவே விட்டுவிட்டேன்.
மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி,
நடுவில்
இருக்கவே முடியாதென்று அவர் சொன்னது.

பொலோனியப் பையன் வித்தோஸ்லாவ் கேட்டான்:
இங்கே என்ன இருந்தது?
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதா இருந்தது?
ஒன்றுமில்லை என்பது இல்லவே இல்லை என்பது இருந்தது.
சற்று யோசித்தான்.
ஒரு வரி குறைகிறதே,
வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்றான்.
கழிக்கவில்லை. சுரண்டிய கூலியை
எனக்கு யார் தருவார்?

ஆறாம் நாள் கோசுவின் வந்தார்.
அங்கியில் முழங்கால் இரண்டும் ஈரம்.
ஆயர் வாசலில் எவ்வளவு நேரமென்று
நான் கேட்கவில்லை.
ஏட்டை வாங்கி, வெறும் இடத்தில் நகத்தை வைத்தார்.
"முடியாது என்று எழுதி
இந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன், அமெலின்.
நின்றது எனக்கே தெரியவில்லை.
இப்போது முடியும் என்றல்லவா தொடங்க வேண்டும்?
சரி, நகர்த்திவிட்டான். ஒரு முழம்.
பின்னால் மிஞ்சுகிறதே,
அதற்கு நீளம் உண்டா?
அதற்குள் ஒரு கல்லை விட்டால் விழுமா?
எந்தப் பக்கம்?"
பிறர் தோட்டத்து ஆப்பிளைச்
சட்டைக்குள் மறைத்தவனின் குரல்.
தண்டனை பெற்று வந்தாரா
விடுமுறை பெற்று வந்தாரா?

மசி வாங்கிப் போனார்.
கடனுக்குத்தான்.

இரவு விளக்கருகே ஏட்டைச் சாய்த்தேன்.
கடுக்காய் மசியில் இரும்பு உண்டு, தோலைக் கடிக்கும்.
பக்கவாட்டு ஒளியில், பழுப்பாய்,
காய்ந்த ஆற்றின் தடம்போல,
என் கையெழுத்து.
வானமும் நேர்கோடும் போய்விட்டன.
"முடியாது" மட்டும் இருந்தது.

இன்னொரு முறை சுரண்டினால் தோல் ஓட்டையாகும்.
மூடி வைத்தேன்.

விடிந்ததும் பூவாளியை நிரப்பி
விரலால் அடைத்துத் தூக்கினேன்.
துளைகளில் நீர் நின்றது,
நேற்று நின்றதுபோலவே.
யாருக்குப் பயந்து என்றுதான்
இன்று சொல்லத் தெரியவில்லை.
பாத்தி காய்ந்து கிடந்தது.
கை கடுக்கும்வரை பிடித்திருந்தேன்.